திரும்பி வந்தவளும் புது ஆள்தான்

வெளிநாடு போன முதல் வருஷம், எனக்கு எதுவும் தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மருத்துவரை எப்படிப் பார்ப்பது, வாடகை ஒப்பந்தத்தில் எதைக் கவனிப்பது, பக்கத்து வீட்டுக்காரரிடம் எந்த அளவுக்குப் பேசலாம் என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் நடந்தேன். தப்பு செய்தாலும் 'புதுசுதானே, பழகிடும்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். 11 வருஷம் கழித்து, கணவர், 9 வயது மகள், 4 வயது மகனோடு திரும்பி வந்தபோது அந்தச் சமாதானத்துக்கு நான் இடமே வைக்கவில்லை. சொந்த ஊர், சொந்த வீடு, சொந்த மனிதர்கள். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முதல் ஐந்து மாதம் என்னையும் மற்றவர்களையும் படாதபாடு படுத்தியது அந்த நினைப்புதான்.

வந்து இப்போது 14 மாதம் ஆகிறது. திரும்புவதாக இருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பணம், பள்ளிக்கூடம், சாமான் பற்றித்தான். அதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் அம்மாவின் மருந்து டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை இருக்கிறது, குளுக்கோமாவால் பார்வையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் வெளியே இருந்த காலம் முழுக்க அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் என் தங்கை. வந்த இரண்டாவது வாரம், அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், நான் அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். அங்கிருந்தே வாங்கி வந்திருந்த, ஏழு நாளுக்கும் ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டியை நிரப்பி வைத்தேன். கண் சொட்டு மருந்தைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றினேன். பழைய பிஸ்கட் டப்பாவைத் தூக்கி மேலே போட்டேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து அம்மாவுக்கு என் கையால் ஒரு காரியம்.

அன்று இரவு அம்மா வழக்கம்போல எழுந்து போய் அலமாரிக்குள் கையை விட்டார். கை வெறும் பலகையைத் தடவிக்கொண்டே இருந்தது. நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். தங்கை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா படுத்த பிறகுதான் பேசினாள்.

"அக்கா, அந்த டப்பா ஒம்பது வருஷமா அதே எடத்துல இருக்கு. அம்மா பாத்து எடுக்கறதில்ல, தடவித்தான் எடுப்பாங்க. சின்ன மூடி கண்ணு மருந்து, பெரிய மூடி சர்க்கரை மாத்திரை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எனக்குப் பதில் இல்லை. வாராவாரம் அம்மாவோடு பேசியிருக்கிறேன். ஒவ்வொரு பரிசோதனை அறிக்கையையும் புகைப்படமாக வாங்கிப் படித்திருக்கிறேன். மூன்று மாத சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்று தேதிவாரியாகச் சொல்வேன். அம்மாவின் கை எந்த உயரத்துக்கு நீளும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. போனில் வரக்கூடிய விஷயமா அது?

ஆல்ஃபிரட் ஷூட்ஸ் என்று ஒரு சமூகவியலாளர். ஆஸ்திரியாவில் பிறந்து, நாஜிகள் காலத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1944இல் புது ஊருக்கு வந்து சேரும் அந்நியரைப் பற்றி ஒரு கட்டுரையும், 1945இல் வீடு திரும்புபவரைப் பற்றி இன்னொரு கட்டுரையும் எழுதினார். இரண்டாவது, போரிலிருந்து திரும்பும் வீரர்களை மனதில் வைத்து எழுதியது. அதில் அவர் சொல்வதன் சாரம் இது: அந்நியருக்குத் தான் போகும் இடம் தனக்குப் புரியாது என்று தெரியும், அதனால் கற்றுக்கொள்ளத் தயாராகப் போகிறார். வீடு திரும்புபவரோ தனக்கு எல்லாம் தெரிந்த இடத்துக்குப் போவதாக நம்புகிறார். அவர் இல்லாத நாளிலும் வீடு தன்பாட்டுக்கு நடந்து, மாறியிருக்கிறது. அவரும் மாறியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு அந்த வெறும் பலகைதான் கண்ணில் நின்றது.

அடுத்த சனிக்கிழமை தங்கையோடு உட்கார்ந்தேன். "எனக்கு எதுவும் தெரியாதுன்னு வச்சுக்கோ. முதல்லேருந்து சொல்லிக் கொடு" என்றேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அம்மா எந்த மருத்துவரிடம் மனம் விட்டுப் பேசுவார், எந்தக் கேள்விக்குக் கோபப்படுவார், படியில் இறங்கும்போது எந்தப் பக்கம் தோள் கொடுக்க வேண்டும், மின்சாரம் போனால் எங்கே உட்கார வைக்க வேண்டும். ஆறு பக்கம் வந்தது. கடைசியில் அவள் சொன்னாள்: "நீ வந்தா எனக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்னு நெனச்சேன். ஆனா நீ வந்து என் நோட்டைத் திருத்தற மாதிரி இருந்துச்சு."

திரும்பி வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஊரில் ஒருவர் இருந்திருப்பார். அண்ணனோ, தங்கையோ, மருமகளோ, பக்கத்து வீட்டுக்காரரோ. நீங்கள் வருவது அவருக்கு நிம்மதியா, அச்சமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எந்த முடிவு யார் கையில் இருக்கும், செலவை எப்படிப் பகிர்வது, அவர் எதை விட்டுக்கொடுக்க விரும்புகிறார், எதை விடவே மாட்டார் என்பதையெல்லாம் பேசுவதற்கு விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழி ஏற்ற இடம் அல்ல. வந்த பிறகும் முதல் மூன்று மாதம் வீட்டில் எந்தப் பொருளையும் இடம் மாற்றாதீர்கள். இதை நான் சட்டமாகவே சொல்வேன்.

நான் கிட்டத்தட்ட மூன்றாவது வாரம் வரை மிதந்துகொண்டிருந்தேன். மூன்றாவது மாதத்தில் விழுந்தேன். காரணமே இல்லாமல் அழுகை வந்தது. வரிசையில் நின்றால் எரிச்சல், நிற்காதவர்களைப் பார்த்தால் அதைவிட எரிச்சல். "அங்கே இப்படி இல்லை" என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறேன் என்று கணவர் எண்ணிச் சொன்னார். 17. அன்றிலிருந்து வாக்கியத்தை 'அங்கே' என்று தொடங்குவதை நிறுத்தினேன். உள்ளே தோன்றுவதை அது நிறுத்தவில்லை, ஆனால் எதிரில் இருப்பவர்கள் விலகிப்போவது குறைந்தது.

இந்த விழுதல் எனக்கு மட்டும் நேர்ந்தது அல்ல என்று முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நார்வேயைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல், அமெரிக்காவில் தங்கிப் படித்த தன் நாட்டவரை ஆராய்ந்து, முதலில் மகிழ்ச்சி, பிறகு சரிவு, பிறகு மீட்சி என்று ஆங்கில எழுத்து யூ போன்ற ஒரு கோட்டைச் சொன்னார். 1963இல் ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர், ஊர் திரும்பியதும் அதே சரிவு இன்னொரு முறை வருகிறது என்று அதை டபிள்யூ ஆக நீட்டினார்கள். எல்லோருக்கும் இந்தக் கோடு பொருந்துவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எனக்கு அது அப்படியே பொருந்தியது. சரிவில் இருக்கும்போது மனம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'தப்பான முடிவு எடுத்துவிட்டோம்.' அந்தக் குரலை நம்பி வேலையை விடவோ, திரும்ப விண்ணப்பிக்கவோ கூடாது என்பதற்காக, முதல் 12 மாதம் மறுபடி வெளியே போகத் திட்டம் போடுவதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தீர்மானிக்கக் கூடாது.

அதற்காகக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு வரவும் வேண்டாம். வசிப்புரிமை எவ்வளவு காலத்தில் காலாவதியாகும் என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் காலவரையற்ற வசிப்புரிமை பெற்றவர்கள் தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அது போய்விடும். அமெரிக்கப் பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே இருக்கப் போகிறார்கள் என்றால் மறுநுழைவு அனுமதிக்கு அந்நாட்டு மண்ணில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். வெளியே வந்த பிறகு அதற்கு வழி இல்லை. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் சரிவு நாட்களைக் கடப்பது கொஞ்சம் எளிது.

மகளின் கதை வேறு. நாங்கள் திரும்பி வந்தோம். அவள் புறப்பட்டுப் போனாள். அவள் பிறந்து வளர்ந்த இடம் அது. ரூத் யூசீம், ஜான் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்து, பெற்றோரின் பண்பாட்டிலும் சேராமல் வாழும் ஊரின் பண்பாட்டிலும் முழுக்கச் சேராமல் நடுவே வளரும் பிள்ளைகளுக்கு 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் மகள் அந்த வகை என்பது எனக்கு ஒரு நடுராத்திரியில் புரிந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவள் கதவின் இடது பக்கச் சுவரைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். பழைய வீட்டில் விளக்கு சுவிட்ச் அந்தப் பக்கம். இங்கே வலது பக்கம். வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் கை ஞாபகம் வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டேன். "எப்பப் போவோம்?" என்று கேட்டாள். விடுமுறைக்கு வந்திருக்கிறோம் என்று அவள் இன்னும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு விடைபெறும் நேரத்தை நாங்கள் சரியாகக் கொடுக்கவில்லை. பெட்டி கட்டும் அவசரத்தில், வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டதோடு சரி. இன்னொரு முறை செய்ய வாய்த்தால், கடைசி மாதத்தில் அவளுக்குப் பிடித்த ஒவ்வோர் இடத்துக்கும் அவளைக் கூட்டிப்போய் 'இது கடைசி முறை' என்று தெளிவாகச் சொல்வேன். அவளுடைய போர்வை, புத்தகங்கள், படங்களைக் கப்பலில் போட மாட்டேன். கையோடு கொண்டுவந்து முதல் நாளே அவள் அறையில் வைப்பேன். அவை எங்களுக்கு 10 வாரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தன. குழந்தைக்கு 10 வாரம் என்பது நெடுங்காலம்.

பள்ளியில் எதிர்பாராத சிக்கல் ஒன்று. வீட்டில் எங்கள் மொழியைத் தடையில்லாமல் பேசுவாள். எழுதப் படிக்க வராது. பேச்சைக் கேட்ட ஆசிரியர்கள் எல்லாம் வரும் என்று எண்ணிவிட்டார்கள், அவளும் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டாள். முதல் நாளே, 'காதுக்கும் வாய்க்கும் வரும், கண்ணுக்கும் கைக்கும் வராது' என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன பிறகு ஓர் ஆசிரியை தினமும் கால் மணி நேரம் தனியாக உட்கார வைத்தார். ஆறு மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மகனுக்கு நேர் எதிர். நான்கு வயதுக்காரன் இங்கே மூன்றே வாரத்தில் கலந்துவிட்டான், ஆனால் அங்கே பேசிய மொழி ஆறு மாதத்தில் நாக்கிலிருந்து நழுவத் தொடங்கியது. இப்போது தினம் இரவில் அந்த மொழியில் ஒரு கதை வாசிக்கிறோம். அக்காதான் வாசிக்கிறாள். அது அவளுக்கும் நல்லதாக இருக்கிறது.

இனி காகிதங்கள். இதில் நாங்கள் இழந்த நாட்கள் கொஞ்சமல்ல.

பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது, அது போதும் என்று இருந்தோம். பள்ளி 'அப்போஸ்டில்' முத்திரை கேட்டது. ஒரு நாட்டின் பொது ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ள, 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி இடப்படும் சான்று அது. ஆவணத்தை வழங்கிய நாட்டின் அதிகாரிதான் அதை இட முடியும். வந்து சேர்ந்த நாட்டில் எந்த அலுவலகத்தில் நின்றாலும் கிடைக்காது. அசலைக் கூரியரில் திருப்பி அனுப்பி, அங்கே ஒரு தோழி அலைந்து வாங்கி, திரும்ப எங்களிடம் வர ஏழு வாரம். பிறப்பு, திருமணம், பட்டம், பிள்ளைகளின் மதிப்பெண் எல்லாவற்றுக்கும் கிளம்பும் முன்பே அந்த முத்திரையை வாங்கிவிடுங்கள். உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் அந்நாட்டு வெளியுறவுத் துறை, பிறகு தூதரகம் என்று படிப்படியாகப் போக வேண்டியிருக்கும், அதற்கு இன்னும் கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது கைபேசி எண். கடைசி நாளன்று பழைய இணைப்பைப் பொறுப்பாக ரத்து செய்தோம். அங்குள்ள வங்கிக் கணக்கில் வரித்தொகையும் வீட்டு முன்பணமும் வர வேண்டியிருந்தது. கணக்கைத் திறக்க வேண்டுமானால் ஒருமுறைக் கடவுச்சொல் அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும். பணம் கண்ணுக்குத் தெரிந்தது, தொட முடியவில்லை. அடையாளத்தை நிரூபித்து எண்ணை மாற்ற நான்கு மாதம் ஆனது. இருப்பதிலேயே குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாறி, ஒரு வருஷமாவது அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். வெளிநாட்டிலிருந்தாலும் குறுஞ்செய்தி வருகிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் நாட்கணக்கு முக்கியம். 183 நாள் என்ற எல்லையைப் பல நாடுகள் வைத்திருக்கின்றன, ஆனால் அது ஒன்றே அளவுகோல் என்று நம்பிவிடக் கூடாது. வீடும் குடும்பமும் எங்கே இருக்கின்றன என்றும் பார்ப்பார்கள். இரண்டு நாட்டிலும் வரியாண்டு வேறு வேறு மாதத்தில் தொடங்கினால், ஒரே வருஷத்தில் இரண்டு நாடுமே உங்களைத் தன் ஆள் என்று சொல்ல இடமுண்டு. எங்களுக்கு அப்படி நேர்ந்தது. இரட்டை வரி ஒப்பந்தம் இருந்ததால் தப்பித்தோம். பெரும்பாலான ஒப்பந்தங்கள், பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி வகுத்த மாதிரியைப் பின்பற்றுபவை. நிலையான வீடு எங்கே, தனிவாழ்வும் பொருளாதாரமும் எங்கே நெருக்கம், வழக்கமாக எங்கே வசிக்கிறீர்கள், எந்த நாட்டுக் குடியுரிமை என்று அதே வரிசையில் பார்த்து முடிவு செய்யும். கிளம்பும் தேதியை விமானக் கட்டணம் பார்த்து நிர்ணயிப்பதற்கு முன், இரண்டு நாட்டு வரியையும் அறிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். ஓய்வூதியத்துக்குக் கட்டிய ஆண்டுகளின் கணக்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரு நாடுகளுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால், தகுதிக்காக அந்த ஆண்டுகளையும் இங்குள்ள ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட வழி இருக்கலாம்.

உடல்நலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தினமும் சாப்பிடும் மாத்திரைக்கு நான் வணிகப் பெயரை மட்டும் தெரிந்துவைத்திருந்தேன். இங்கே அந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. மருந்தின் பொதுப்பெயர் லெவோதைராக்சின், அளவு மைக்ரோகிராமில் இவ்வளவு என்று சொன்ன பிறகுதான் கிடைத்தது. எல்லோருடைய மருந்துக்கும் பொதுப்பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையும் முக்கியம், இரண்டு நாட்டு அட்டவணையும் ஒன்றாக இருக்காது. மருத்துவக் காப்பீட்டை வந்த பிறகு எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைக்கும் திட்டங்கள் உண்டு. கடிகாரம் எவ்வளவு சீக்கிரம் ஓடத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

கடிகாரம் என்றதும் மகளின் மேசைக் கடிகாரம் நினைவுக்கு வருகிறது. நாங்கள் இருந்த நாட்டில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி ஒன்றை வாங்கிவிட்டால் எல்லாம் ஓடும் என்று நம்பிக் கொண்டுவந்தோம். இரவு 8 மணிக்குச் சரியாக நேரம் வைத்தோம். காலை 6 மணிக்கு அது 4:20 காட்டியது. சுவர் மின்சாரத்தின் அதிர்வெண்ணை எண்ணி ஓடும் கடிகாரம் அது. மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. அதனால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. மோட்டார் உள்ள பழைய சாதனங்களுக்கும் இதே தொல்லை வரலாம். அடியில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

சாமான்களில் பாதியை நாங்கள் கொண்டுவந்திருக்கத் தேவையில்லை. 20 அடிக் கொள்கலனுக்குள் சுமார் 33 கனமீட்டர் இடம் இருக்கும். நிரப்ப இடம் இருக்கிறது என்பதற்காகவே நிரப்பினோம். விமானத்தில் அனுப்பினால் எடை மட்டும் கணக்கில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் வருவது உண்மை எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் கட்டணம், கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5000ஆல் வகுக்கின்றன. தலையணையை அனுப்புவது புத்தகத்தை அனுப்புவதைவிட நஷ்டம் என்பது அப்போதுதான் புரிந்தது. பெட்டிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு பட்டியல் என்று எழுதிவையுங்கள். குடிபெயர்ந்து வருபவர்கள் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்குப் பல நாடுகள் சுங்கச் சலுகை தருகின்றன, ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். 'பலவகை' என்று எழுதியிருந்த எங்கள் பெட்டிகள் ஒன்பது நாள் அங்கேயே கிடந்தன.

வேலை கிடைத்தது. சம்பளத்தைப் பழைய நாணயத்தில் மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை விட ஆறு மாதம் ஆனது, அவ்வளவுதான்.

அந்த நோட்டுப் புத்தகத்தை நான் இன்னும் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் 'எனக்குத் தெரியாதவை' என்று தலைப்பு. பழைய தோழியின் வீட்டில் என்ன நடந்தது என்பதிலிருந்து தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை அதில் இருக்கிறது. ஒருவரைப் பார்க்கப் போகும்போது என் 11 வருஷத்தைச் சொல்லக் காத்திருக்காமல், அவருடைய 11 வருஷத்தைக் கேட்கப் போகிறேன். கேட்டு முடித்த பிறகு, சிலர் என்னுடையதையும் கேட்கிறார்கள்.

பிஸ்கட் டப்பா பழைய இடத்திலேயே இருக்கிறது. போன மாதம் தங்கை தோழிகளோடு 10 நாள் பயணம் போனாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு அவள் போன முதல் பயணம் அது. கிளம்பும் முன் நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். அதில் மூன்று பக்கம் என் நோட்டில் ஏற்கெனவே இருந்தது. நான்காவது பக்கத்தை அவள் எதிரிலேயே உட்கார்ந்து படித்து, புரியாத இரண்டு வரியைக் கேட்டுக்கொண்டேன். அந்த 10 நாளில் அவள் இரண்டு முறைதான் போன் செய்தாள். இரண்டாவது முறை அம்மாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவள் பார்த்த கடலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.